வைத்துக்கொள்வதா, விற்பதா? மறுகட்டமைப்பில் இருக்கும் ஐஸ் ஹாக்கி அணியின் பிப்ரவரிக் கணக்கு

1. ஒரே நாளில் இரண்டு முடிவுகள்

2020 பிப்ரவரி 24, வட அமெரிக்காவின் என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக்கில் அணிகள் வீரர்களைக் கைமாற்றிக்கொள்வதற்கான டிரேடு கெடு முடிந்த நாள். அன்று இரண்டு அணிகளின் முன்னால் ஏறக்குறைய ஒரே கேள்வி நின்றது. இரண்டுமே பழைய அணியைக் கலைத்துவிட்டு இளைஞர்களைக் கொண்டு புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தவை. ஒட்டாவா செனட்டர்ஸிடம் ஜான்-கேப்ரியேல் பஜோ இருந்தார். வயது 27, அந்தப் பருவத்தில் 24 கோல். நியூயார்க் ரேஞ்சர்ஸிடம் கிறிஸ் கிரைடர் இருந்தார். வயது 28, அவருக்கும் 24 கோல். இருவரும் தங்கள் அணியே டிராஃப்டில் எடுத்து வளர்த்தவர்கள். இருவரின் ஒப்பந்தமும் அந்தக் கோடையோடு முடியவிருந்தது.

ஒட்டாவா பஜோவை நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு விற்றது. பதிலுக்கு டிராஃப்டின் முதல் சுற்றில் ஓர் உரிமை, இரண்டாம் சுற்றில் ஒன்று, நிபந்தனையுடன் மூன்றாம் சுற்றில் ஒன்று கிடைத்தன. ரேஞ்சர்ஸ் கிரைடரை விற்கவில்லை. ஏழு ஆண்டுக்கு 4.55 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு 65 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்டது.

எது சரி? ஐஸ் ஹாக்கி உலகில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் இந்த வாதம் திரும்ப வருகிறது. பெரும்பாலும் அது வீரர் எவ்வளவு நல்லவர் என்ற விவாதமாகவே முடிந்துபோகிறது. ஆனால் கடந்த பத்தாண்டு அனுபவத்தைப் பார்த்தால், முடிவைத் தீர்மானித்தது வீரரின் தரம் மட்டும் அல்ல. கேள்வி எப்போது கேட்கப்பட்டது என்பதற்கும் அதில் பெரிய பங்கு இருந்தது. இக்கட்டுரை அதைத்தான் ஆராய்கிறது.

2. விதிகள் இழுக்கும் கோடு

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு என்.எச்.எல். சந்தை முதலில் விசித்திரமாகத் தோன்றும். இங்கே வீரரை விற்கும் அணிக்கு விலை பணமாக வருவதில்லை. இன்னொரு வீரர், இன்னும் முழுதாக வளராத இளைஞர், அல்லது வரப்போகும் டிராஃப்டில் 18 வயதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆகியவையே நாணயம். டிராஃப்ட் ஏழு சுற்றுகளாக நடக்கும். மோசமாகத் தோற்ற அணிகளுக்குக் குலுக்கல் வழியாக முன்வரிசை இடங்கள் கிடைக்கும்.

வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்குக் கறாரான உச்சவரம்பு உண்டு. 2019-20 பருவத்தில் அது 8.15 கோடி டாலர். எவ்வளவு பணக்கார முதலாளியானாலும் அதைத் தாண்ட முடியாது. ஆகவே ஒருவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு லட்சமும் இன்னொருவருக்கு இல்லாமல் போகிறது.

பொதுவாக 27 வயதை எட்டியவரோ ஏழு பருவங்கள் ஆடியவரோ ஒப்பந்தம் முடிந்ததும் ஜூலை 1 அன்று எந்த அணிக்கும் போகலாம். பழைய அணிக்கு நஷ்டஈடாக எதுவும் வராது. சொந்த அணிக்கு ஒரு சலுகை மட்டும் இருந்தது: வெளியார் அதிகபட்சம் ஏழு ஆண்டு ஒப்பந்தம் தர முடியும், சொந்த அணி எட்டு ஆண்டு தரலாம். இந்த வயதை அடைந்த வீரர் இன்னொன்றையும் கேட்டு வாங்க முடியும். தன் சம்மதமில்லாமல் தன்னை எங்கும் அனுப்பக் கூடாது என்ற ஷரத்து அது. சம்பளத் தொகை செய்தித்தாளில் தலைப்பாகிறது. பின்னாளில் அணியின் கையைக் கட்டிப்போடுவது பல சமயம் இந்த ஷரத்துதான்.

3. இரு தரப்பு வாதங்கள்

விற்கச் சொல்பவர்களின் கணக்கு எளிது. ஃபார்வர்டு வீரர்களின் கோல் எண்ணிக்கை பொதுவாக இருபதுகளின் நடுவில் உச்சம் தொட்டு, முப்பதைக் கடந்ததும் சரியத் தொடங்கும். மறுகட்டமைப்பு முடியக் குறைந்தது நான்கைந்து ஆண்டுகள் ஆகும். இன்றைய 28 வயதுக்காரருக்கு அணி வெல்லத் தொடங்கும்போது 33 வயதாகிவிடும். அவருடைய நல்ல ஆண்டுகள் தோற்கும் அணியில் வீணாகும், கெட்ட ஆண்டுகளுக்கு வெல்லும் அணி சம்பளம் கொடுக்கும். ரேஞ்சர்ஸ் நிர்வாகமே இந்த வாதத்தைப் பகிரங்கமாக ஏற்றது. 2018 பிப்ரவரி 8 அன்று தலைவர் க்ளென் ஸேதரும் பொது மேலாளர் ஜெஃப் கோர்ட்டனும் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் வெளியிட்டு, பழகிய முகங்கள் சில போகப்போகின்றன என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் ரிக் நாஷும், கேப்டன் ரயன் மெக்டோனாவும் அணியில் இல்லை.

வைத்துக்கொள்ளச் சொல்பவர்கள் உடைமாற்றும் அறையைக் காட்டுகிறார்கள். எல்லாரையும் விற்றுவிட்டால் இருபது வயதுப் பையன்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுக்க ஆள் ஏது? தோற்றுப் பழகிய அணி தோல்வியிலேயே உறைந்துவிடும் என்கிறார்கள். மெக்டோனா போன பிறகு ரேஞ்சர்ஸ் 2022 ஆகஸ்ட் வரை கேப்டனையே அறிவிக்கவில்லை. அந்த இடைக்காலத்தில் கிரைடர் போன்ற ஒருவர் இருந்ததன் மதிப்பை எந்த அட்டவணையிலும் எழுத முடியாது என்பது இவர்கள் வாதம். எழுத முடியாத மதிப்பை மிகைப்படுத்துவதும் எளிது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரு தரப்பும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. பிப்ரவரி வரும்போது இரண்டு வழிகளுமே ஏற்கனவே மோசமாகியிருக்கும். இதற்கு அருமையான சான்று ஒன்று கிடைக்கிறது, ஏனென்றால் ஒரே வீரர் இரண்டு முறை விற்கப்பட்டிருக்கிறார்.

4. மாட் டுஷேனின் இரண்டு விலைகள்

கொலராடோ அவலாஞ்ச் 2016-17 பருவத்தில் 82 ஆட்டங்களில் எடுத்தது 48 புள்ளிகள். சம்பள உச்சவரம்பு வந்தபின் முழுப் பருவத்தில் அதுவரை எந்த அணியும் அவ்வளவு தாழ்ந்ததில்லை. சென்டர் ஆட்டக்காரர் மாட் டுஷேனை விற்க வேண்டிய சூழல். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு பருவங்கள் மீதமிருந்தன. பொது மேலாளர் ஜோ ஸாகிக் அவசரப்படவில்லை. கோடை முழுக்க வந்த விலைகளைத் தள்ளிவிட்டார். இழுத்தடிக்கிறார் என்ற வசவையும் வாங்கிக்கொண்டார்.

2017 நவம்பர் 5 அன்று புரூக்ளினில் ஐலண்டர்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் முதல் பகுதியிலேயே டுஷேனைப் பெஞ்சிலிருந்து எழுப்பி உள்ளே அழைத்துப் போனார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் ஒட்டாவா வீரராகிவிட்டார். ஒட்டாவா, நாஷ்வில் ஆகிய இரு அணிகளைச் சேர்த்து முடிக்கப்பட்ட அந்த மும்முனை டிரேடில் கொலராடோவுக்கு ஏழு சரக்குகள் வந்தன: சாமுவேல் ஜிரார்ட், விளாடிஸ்லாவ் கமனெவ், ஷேன் பவர்ஸ், கோல்கீப்பர் ஆண்ட்ரூ ஹாமண்ட், முதல், இரண்டாம், மூன்றாம் சுற்று உரிமைகள் ஒவ்வொன்று.

இந்த ஏழில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாமல் போயின. ஆனால் ஜிரார்ட் பல ஆண்டுகள் தற்காப்பில் நிலைத்தார். ஒட்டாவாவின் முதல் சுற்று உரிமை 2019 டிராஃப்டில் நான்காம் இடமாக விழுந்து, போவன் பைரம் வந்தார். 2022இல் கொலராடோ லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது பைரம் களத்தில் இருந்தார். ஜிரார்ட் அந்த ஓட்டத்தின் நடுவே மார்பெலும்பு முறிந்து வெளியேறியிருந்தார்.

டுஷேன் ஒட்டாவா வந்த கொஞ்ச நாளிலேயே அந்த அணி சரிந்தது. பதினைந்து மாதம் கழித்து, 2019 பிப்ரவரி 22 அன்று, அதே டுஷேனை ஒட்டாவா கொலம்பஸுக்கு விற்றது. அவர் ஆட்டம் மங்கியிருக்கவில்லை. 50 ஆட்டங்களில் 27 கோல், 31 அசிஸ்ட் என்று உச்சத்தில் இருந்தார். மாறியிருந்தது ஒன்றே ஒன்று. ஒப்பந்தத்தில் மீதமிருந்தவை சில மாதங்கள் மட்டுமே. ஒட்டாவாவுக்கு இரண்டு இளைஞர்களும் ஒரு முதல் சுற்று உரிமையும் வந்தன. டுஷேன் கொலம்பஸில் தங்கினால் இன்னொரு முதல் சுற்று என்பது நிபந்தனை. அவர் ஜூலை 1 அன்று நாஷ்வில் போய்விட்டார். அந்த உரிமையில் 19ஆம் இடத்தில் எடுத்தவரையும் சேர்த்து மூவரில் ஒருவரும் ஒட்டாவா அணியில் நிலைக்கவில்லை.

இதை அப்படியே தராசில் வைக்க முடியாது. 2017 வசந்தத்தில் ஒட்டாவா கோப்பை இறுதிக்கு ஓர் ஆட்டம் முன்பு வரை போயிருந்தது. அந்த மயக்கத்தில் விலை ஏறியது. நான்காம் இடம் கிடைத்ததும் ஒட்டாவாவின் சரிவு தந்த பரிசு. ஆனாலும் சந்தை எதற்கு விலை கொடுக்கிறது என்பது தெளிவு. வாங்குகிறவர் ஆட்டத்திறனோடு காலத்தையும் சேர்த்து வாங்குகிறார். காலம் கரைந்தபின் விற்பவருக்குப் பேரம் பேச எதுவும் மிஞ்சுவதில்லை.

5. ஒட்டாவாவின் மற்ற இரண்டு பெயர்கள்

டுஷேன் போன மூன்றாம் நாள், 2019 பிப்ரவரி 25 அன்று, ஒட்டாவாவின் மார்க் ஸ்டோனும் வேகஸுக்குப் போனார். இங்கே தவறு அதற்கு முந்தைய கோடையிலேயே விதைக்கப்பட்டது. 2018 ஆகஸ்டில் ஒட்டாவா அவரோடு போட்டது ஓராண்டு ஒப்பந்தம். விதிப்படி ஓராண்டு ஒப்பந்தக்காரரோடு அடுத்த ஜனவரி 1 வரை நீட்டிப்புப் பேசிக் கையெழுத்திட முடியாது. பேசத் தொடங்கக் கூடிய நாளுக்கும் டிரேடு கெடுவுக்கும் இடையே எட்டு வாரம். வேகஸ் அவருக்கு எட்டு ஆண்டு, ஆண்டுக்கு 95 லட்சம் என்று கொடுத்தது. 2023 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் ஃபுளோரிடாவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து, கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். ஒட்டாவா பெற்ற முக்கியச் சரக்கான எரிக் பிரான்ஸ்ட்ரோமுக்கு 2024இல் அந்த அணியே புதிய ஒப்பந்தம் தர முன்வரவில்லை.

எரிக் கார்ல்ஸன் கதை நேர்மாறு. 2018 செப்டம்பரில், ஓராண்டு மீதமிருக்கும்போதே, சான் ஹோசேவுக்கு விற்றார்கள். அப்போது விலை குறைவு என்று திட்டாதவர் இல்லை. 2019-20 பருவத்தில் சான் ஹோசே எதிர்பாராமல் கவிழ்ந்தது. அந்த அணியின் முதல் சுற்று உரிமை மூன்றாம் இடமாகி, டிம் ஸ்டுட்ஸ்லே ஒட்டாவாவுக்குக் கிடைத்தார். இதில் அதிர்ஷ்டம் பெரும்பங்கு. ஆனால் இன்னொருவரின் எதிர்கால உரிமையை வாங்கி வைத்திருப்பவருக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் அடிக்கும்.

6. ஒப்பந்தம் போட்ட இரண்டு அணிகள்

2011க்குப் பிறகு பிளே-ஆஃப் வாசலை மிதிக்காமல் தவித்த பஃபலோ ஸேபர்ஸ், 2019 ஜூனில் ஜெஃப் ஸ்கின்னருக்கு எட்டு ஆண்டு, ஆண்டுக்கு 90 லட்சம் டாலர் தந்தது. முந்தைய பருவத்தில் ஜாக் ஐக்கல் பக்கத்தில் ஆடி 40 கோல் அடித்தவர். அடுத்த பருவம் ஐக்கல் வரிசையிலிருந்து பிரிக்கப்பட்டு 14 கோல், அதற்கடுத்ததில் 7. பின்னர் 33, 35 என்று மீண்டார். அந்த மீட்சியைச் சொல்லாமல் அவரைத் தோல்வியின் சின்னமாக்குவது நியாயமில்லை. ஆனால் அவர் ஆடிய ஆறு பருவங்களிலும் பஃபலோ பிளே-ஆஃப் போகவில்லை. 2024 ஜூன் 30 அன்று மூன்று ஆண்டு மீதமிருந்த ஒப்பந்தத்தை அணியே பணம் கொடுத்து முறித்துக்கொண்டது. அந்தச் சுமை ஆறு ஆண்டுகளுக்குச் சம்பளக் கணக்கில் பரவி நிற்கும்.

ஸ்கின்னரிடம் முழுத் தடை ஷரத்து இருந்தது. 35 கோல் அடித்த கோடையில் அவரை விற்றிருக்கலாமே என்று கேட்பது எளிது. அவர் ஒப்பாமல் அது நடக்காது.

சான் ஹோசே ஷார்க்ஸ் இதே பாதையில் போய் வேறு இடத்தில் இறங்கியது. 2022 மார்ச்சில், நோயுற்றிருந்த பொது மேலாளர் டக் வில்சன் விடுப்பில் இருந்தபோது, இடைக்கால நிர்வாகம் தோமாஷ் ஹெர்ட்லுக்கு எட்டு ஆண்டு, மொத்தம் 6.51 கோடி டாலர் கொடுத்தது. சரிந்துகொண்டிருந்த அணிக்கு இது அறிவீனமான செலவாகவே தெரிந்தது. அந்தக் கோடையில் பொறுப்பேற்ற மைக் க்ரியர் அணியை அடித்தளம்வரை பிரித்தார். 2024 மார்ச் 8 அன்று, ஹெர்ட்லின் சம்மதத்தோடு, அவரும் வேகஸ் போனார். சம்பளத்தில் 17 சதவீதத்தை சான் ஹோசே தன் கணக்கில் வைத்துக்கொண்டது. பதிலுக்கு டேவிட் எட்ஸ்ட்ரோம் என்ற இளைஞரும் ஒரு முதல் சுற்று உரிமையும் வந்தன. ஆகஸ்டில் அந்த இரண்டையும் முக்கியச் சரக்காக வைத்து நாஷ்விலிடமிருந்து யாரோஸ்லாவ் அஸ்காரோவைப் பெற்றார் க்ரியர். லீக்கின் மிகச் சிறந்த இளம் கோல்கீப்பர்களில் ஒருவராக அப்போது மதிக்கப்பட்டவர் அவர்.

ஆக, ஒப்பந்தம் போடுவதே விற்பனையைத் தள்ளிப்போடும் வழியாகவும் இருக்க முடியும். வாங்குபவருக்கு ஆறு ஆண்டு உறுதி கிடைக்கிறது, விற்பவருக்கு விலை கிடைக்கிறது. அதற்கு வீரர் மனம் வைக்க வேண்டும். அதை நம்பித் திட்டமிடும் நிர்வாகி சூதாடுகிறார்.

7. மீண்டும் கிரைடர்

ரேஞ்சர்ஸ் 2020இல் எடுத்த முடிவை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அன்று அந்த அணி செய்தது ஓர் ஒப்பந்தம் மட்டுமல்ல. நான்கு ஆண்டு மீதமிருந்த தற்காப்பு வீரர் பிரேடி ஷேயை அதே நாளில் கரோலைனாவுக்கு விற்று முதல் சுற்று உரிமை வாங்கியது. ஆண்டுக்கு 52.5 லட்சம் கணக்கிலிருந்து இறங்கியது. கிரைடரின் பழைய சம்பளம் 46.25 லட்சம். அவருக்குக் கூடிய தொகையை ஷே விட்டுச்சென்ற இடம் தாங்கிக்கொண்டது. வந்த உரிமையைக் கொண்டு மேலேறி 19ஆம் இடத்தில் பிரேடன் ஷ்னைடரை எடுத்தார்கள்.

முக்கியமான வேறுபாடு இன்னொன்று. ஒட்டாவா 2020இல் பள்ளத்தின் அடியில் இருந்தது. ரேஞ்சர்ஸ் ஏற்கனவே மேலேறத் தொடங்கியிருந்தது. 2019 கோடையில் ஆர்ட்டெமி பனாரினுக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. ஆடம் ஃபாக்ஸ் வந்தாகிவிட்டது. கோல்கீப்பர் இகோர் ஷெஸ்டெர்கின் ஜனவரியில் அறிமுகமாகியிருந்தார். கடிதம் எழுதிய நாளிலிருந்து எண்ணினால் இரண்டு ஆண்டு. வெல்லும் காலம் வர இன்னும் இரண்டு ஆண்டு. கிரைடருக்கு அப்போது 30 வயதுதான் ஆகியிருக்கும்.

முதல் சகுனங்கள் நன்றாக இல்லை. கையெழுத்திட்ட நான்காம் நாள் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஆட்டத்தில் எதிராளி அடித்த பக் எனும் ரப்பர் வட்டைத் தடுக்கப்போய்க் கிரைடரின் பாதம் முறிந்தது. மார்ச் 12 அன்று கொரோனா லீக்கையே நிறுத்தியது. ஏறும் என்று எல்லாரும் நம்பிய சம்பள உச்சவரம்பு அடுத்த இரண்டு பருவங்களும் 8.15 கோடியிலேயே நின்றது. நீண்ட ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றும் ஒரே இரவில் கனம் கூடின.

பிறகு 2021-22 பருவம் வந்தது. கிரைடர் 52 கோல் அடித்தார், அதில் பாதி, 26, எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேயில். அவருடைய வேலை கண்ணுக்குக் கவர்ச்சியானதல்ல. எதிரணிக் கோல்கீப்பரின் கண்ணை மறைத்து வலைக்கு ஓரடி முன்னால் நிற்பார். முதுகில் தடிகள் இடிக்கும். சக வீரர் மிகா ஸிபனெஜாடோ ஃபாக்ஸோ தொலைவிலிருந்து அடிக்கும் பக்கைத் தன் தடியின் நுனியால் லேசாகத் தொட்டுத் திசை மாற்றுவார். கால் வேகத்தைவிடக் கையும் கண்ணும் நிதானமும் கேட்கும் வேலை. அது வயதோடு அவ்வளவு விரைவாகத் தேயாது. ஃபார்வர்டுகளுக்கான பொதுவான வயதுக் கணக்கை இவர்மேல் அப்படியே ஏற்றியதுதான் விற்கச் சொன்னவர்களின் பிழை.

2022இலும் 2024இலும் ரேஞ்சர்ஸ் கிழக்குப் பிரிவு இறுதிவரை போனது. 2024 மே 16 அன்று கரோலைனாவுக்கு எதிரான ஆறாம் ஆட்டத்தில், 3-1 என்று பின்தங்கியிருந்த அணிக்காகக் கடைசிப் பகுதியில் ஒன்பது நிமிடத்துக்குள் தனியாளாக மூன்று கோல் அடித்தார். தொடர் அங்கேயே முடிந்தது. ஆனால் கோப்பை வரவில்லை. பனாரினும் ஃபாக்ஸும் ஷெஸ்டெர்கினும் இல்லாத அணியில் கிரைடர் இதையெல்லாம் செய்திருப்பாரா என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. வைத்துக்கொண்டது சரி என்பதை இந்த வெற்றிகளைக் காட்டி மட்டும் நிறுவ முடியாது.

ஒப்பந்தத்தின் வால் பகுதி எப்படி முடிந்தது என்பதுதான் கூடுதலாகப் பேசுகிறது. 2024-25 பருவத்தில் 22 கோல், அணி பிளே-ஆஃப் தவறியது. 2025 ஜூன் 12 அன்று கிரைடர் அனஹைமுக்குப் போனார். ரேஞ்சர்ஸ் ஒரு நான்காம் சுற்று உரிமையையும் கூடக் கொடுத்து, கேரி டெரன்ஸ் என்ற இளைஞரையும் ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் பெற்றது. அற்பமான விலை. ஆனால் மீதி இரண்டு ஆண்டுச் சம்பளத்தில் ஒரு டாலரும் ரேஞ்சர்ஸ் கணக்கில் தங்கவில்லை. பிற்பாதி ஆண்டுகளில் தடை ஷரத்து தளர்ந்திருந்தது, உச்சவரம்பு 2025-26க்கு 9.55 கோடியாக எழுந்திருந்தது. இரண்டும் சேர்ந்து கதவைத் திறந்தன. ஐந்து பருவங்களில் 169 கோல் கொடுத்துவிட்டு, 326 கோலோடு அணி வரலாற்றில் மூன்றாம் இடத்தில் அவர் வெளியேறினார்.

ஒட்டாவாவுக்கு பஜோ வழியாக வந்த முதல் சுற்று உரிமையில் 28ஆம் இடத்தில் ரிட்லி க்ரெய்க் கிடைத்தார். உழைப்பாளி, இன்று அணியின் நிரந்தர ஆட்டக்காரர். ஒட்டாவா மறுபடி பிளே-ஆஃப் பார்த்தது 2025இல். பள்ளத்தின் அடியிலிருந்த அணிக்கு அதுவும் சரியான முடிவே.

8. இடறும் ஒரு சான்று

இந்த வாதத்துக்கு ஒத்துவராத வழக்கு ஒன்றையும் மறைக்கக் கூடாது. 2018இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் கேப்டன் ஜான் டவாரஸை விற்கவும் இல்லை, ஒப்பந்தம் போடவும் முடியவில்லை. ஜூலை 1 அன்று அவர் ஏழு ஆண்டு, 7.7 கோடி டாலருக்கு டொராண்டோ போனார். ஐலண்டர்ஸுக்குக் கையில் எதுவும் மிஞ்சவில்லை. எல்லாக் கணக்குப்படியும் மிக மோசமான முடிவு. ஆனால் அடுத்த பருவம் பயிற்சியாளர் பாரி ட்ராட்ஸின் கீழ் அந்த அணி 103 புள்ளி எடுத்து, பிட்ஸ்பர்க்கை நான்கே ஆட்டத்தில் வெளியேற்றியது. 2020, 2021 இரண்டிலும் அரையிறுதி வரை போனது. அந்த ஏழு ஆண்டுகளில் டொராண்டோ வென்றவை இரண்டே தொடர்கள்.

ஐலண்டர்ஸ் முழு மறுகட்டமைப்பில் இருந்த அணி அல்ல என்று சொல்லி இதை ஒதுக்கலாம். அது பாதி உண்மைதான். தனி ஒரு வீரரைப் பற்றிய முடிவு அணியின் தலையெழுத்தை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதை நிர்வாகிகளும் ரசிகர்களும் சேர்ந்தே மிகையாக மதிப்பிடுகிறார்கள் என்பது மீதிப் பாதி.

கணக்கின் எண்களும் மாறப்போகின்றன. 2026 செப்டம்பரில் நடைமுறைக்கு வரும் புதிய கூட்டு ஒப்பந்தத்தின்படி சொந்த அணி தரக்கூடிய உச்சம் எட்டிலிருந்து ஏழு ஆண்டாகவும், வெளியார் தருவது ஏழிலிருந்து ஆறாகவும் குறைகின்றன. உச்சவரம்பு 2026-27இல் 10.4 கோடி, அதற்கடுத்த பருவம் 11.35 கோடி என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. 28 வயது வீரரின் ஒப்பந்தம் ஓராண்டு முன்னதாகவே முடியும். அதன் கனமும் ஆண்டுக்கு ஆண்டு இளகும். வைத்துக்கொள்ளும் பக்கம் தட்டு கொஞ்சம் தாழ்கிறது. ஆனால் சம்பளத்துக்கு இடம் வைத்திருக்கும் அணிகள் பெருகும்போது வாங்க வருவோரும் பெருகுவார்கள். ஒன்றரை ஆண்டு மீதமிருக்கும் நல்ல ஃபார்வர்டுக்கு அப்போது என்ன விலை வரும் என்பதை டுஷேன் விற்பனையை வைத்து இனிமேல் கணிக்க முடியாது.